முதுமைக்கு எழுதிய மடல்கள்: திருச்சபை வரலாற்றில் ஒரு நோக்கு

குருப்பட்டம் பெற்ற நாளின் இரவில் இளம் ஆயர் ஒருவர் தம் திருமறையின் கடைசி வெற்றுத்தாளில் சில தீர்மானங்களை எழுதி வைக்கிறார் எனக் கொள்வோம். விடியுமுன் எழுந்து ஜெபிப்பேன், பொருளாசைக்கு இடங்கொடேன், ஏழையின் குடிசையைக் கடந்து செல்வந்தரின் இல்லத்திற்கு முதலில் செல்லேன், சபைப் பூசல்களில் எக்கட்சியையும் சாரேன். கீழே கையொப்பமும் நாளும் இடுகிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழிகின்றன. ஓய்வு பெற்றுக் குருமனையைக் காலி செய்யும்போது, பழைய நூல்களினிடையே அந்தத் திருமறை அவர் கையில் அகப்படுகிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை வாசிக்கிறார். அது அவருக்கு ஆறுதல் தருமா? அல்லது அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துமா?

இக்காலத் தியான முகாம்களில், பிற்காலத்துத் தனக்குத் தானே ஒரு நம்பிக்கை மடல் எழுதி உறையிலிட்டு ஒட்டிவைக்குமாறு இளைஞரைப் பணிக்கும் வழக்கம் உண்டு. இது நேற்று முளைத்த புதுமை எனச் சிலர் கருதக்கூடும். உண்மையில் இது மிகப் பழைய பழக்கம். திருச்சபையின் பெரியோர் பலர், வரப்போகும் தளர்ச்சியை முன்னுணர்ந்து, அந்நாளில் தமக்குத் துணைநிற்குமாறு எழுதி வைத்தனர். அவ்வாறு எழுதியவற்றுள் சில, எழுதியவரைக் கடைசிவரை தாங்கின. சில அவரைச் சுமையாக அழுத்தின. இந்த வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. திருமறையின் சான்று

தன் ஆன்மாவைத் தானே விளித்துப் பேசுதல் திருமறை வாசகருக்குப் புதிதன்று. 42, 43 ஆம் சங்கீதங்களைப் பாடியவர் ஆலயத்திற்குத் தொலைவில், யோர்தானுக்கு அப்பால் தவிக்கிறார். உன் கடவுள் எங்கே என்று பிறர் கேட்கும் கேள்வி அவரை அன்றாடம் குத்துகிறது. அந்நிலையில் அவர் தம் ஆன்மாவைப் பார்த்து, ஏன் கலங்குகிறாய் எனக் கேட்டு, கடவுளை நோக்கிக் காத்திருக்குமாறு அதற்குக் கட்டளையிடுகிறார். இப்பல்லவி மும்முறை வருகிறது. முதல் முறை சொன்னதும் துயர் நீங்கிவிடவில்லை. அடுத்த வரியிலேயே மீண்டும் அலைகள் அவர்மேல் புரளுகின்றன. ஆகவே மீண்டும் சொல்லுகிறார். இவ்வாறு சொல்லுவதற்கு அவருக்கு ஆதாரமாயிருந்தது, கூட்டத்தோடு களிப்பாய் ஆலயத்திற்குச் சென்ற நாளின் நினைவு. நேற்றைய வழிபாடே இன்றைய வனாந்தரத்தில் அவருக்குப் பேச்சுத் துணையாகிறது.

வேறொரு வகையை உபாகமம் 31 ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மோசே தம் மரணத்திற்கு முன் ஒரு பாடலை எழுதி மக்களுக்குக் கற்பிக்குமாறு ஏவப்படுகிறார். அவர்கள் உண்டு நிறைவடைந்து கடவுளை மறக்கும் காலம் வரும். அப்போது அப்பாடல் அவர்களுக்கு எதிரான சாட்சியாய் நிற்கும் என்பதே அதன் காரணம். எதிர்காலத்தை நோக்கி எழுதப்பட்ட இம்மடல் முதலில் கண்டிக்கிறது. எனினும், அடுத்த அதிகாரத்தில் அப்பாடல் முழுவதையும் வாசிப்போர், கண்டனத்தோடு அது முடிவதில்லை என்பதையும் கடவுள் தம் மக்கள்மேல் இரங்குவதே அதன் முடிவு என்பதையும் காண்பர்.

மூன்றாவதாகச் சாமுவேல் நிறுத்திய எபெனேசர் என்னும் கல்லைக் குறிப்பிடலாம். அக்கல் எதையும் வாக்களிக்கவில்லை. இதுகாறும் கடவுள் உதவினார் என்பதே அது சொல்லும் செய்தி. நாளை இஸ்ரவேலர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதைப் பற்றி அக்கல்லுக்கு ஒன்றும் தெரியாது. நடந்ததை மட்டும் அது அறியும். அதனால்தான் பிற்காலத்தில் எவராலும் அதைப் பொய்ப்பிக்க இயலவில்லை.

2. அகஸ்தீன்: மடலும் மறுமொழியும்

கி.பி. 386 ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், முப்பத்திரண்டு வயது நிரம்பும் தறுவாயிலிருந்த அகஸ்தீன், மிலான் நகரில் தாம் வகித்த பேச்சுக்கலை ஆசிரியப் பதவியைத் துறக்கத் துணிந்து, காஸ்ஸிசியாக்கம் என்னும் சிற்றூரில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கினார். அங்கு அவர் எழுதியவற்றுள் ஒன்று, தாமும் தம் பகுத்தறிவும் உரையாடுவதாக அமைந்த இரு பாகங்களுடைய நூலாகும். தனியுரை என்று பொருள்படும் அதன் இலத்தீன் பெயரைத் தாமே புதிதாக ஆக்கியதாக அந்நூலிலேயே கூறுகிறார். கடவுளையும் தன் ஆன்மாவையும் அறிவதே அவர் அப்போது நாடியது. அடுத்த ஆண்டு, 387 இன் உயிர்த்தெழுதல் திருநாளில் ஆயர் அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார்.

நாற்பது ஆண்டுகள் சென்றன. 426, 427 ஆம் ஆண்டுகளில், எழுபது வயதைக் கடந்த ஹிப்போ நகரின் பேராயராக, அவர் ஓர் அரிய செயலில் இறங்கினார். தாம் எழுதிய நூல்களையெல்லாம் எழுதிய வரிசையிலேயே எடுத்து மீண்டும் வாசித்து, எங்குத் தவறினோம், எங்கு அளவுமீறிப் பேசினோம் என்று குறித்து வைத்தார். 93 நூல்கள், 232 பாகங்கள். இளமையில் எழுதியதற்கு முதுமை அளித்த மறுமொழி என இதனைக் கூறலாம். தூயவர் மட்டுமே உண்மையை அறிய வேண்டுமெனக் கடவுள் விரும்பினார் என்னும் கருத்தைத் தனியுரை நூலில் அவர் எழுதியிருந்தார். புதிதாய் மனந்திரும்பியவரின் வேகம் அதில் தெரிகிறது. முதிய பேராயர் அதனை ஏற்கவில்லை; தூயவரல்லாத பலரும் பல உண்மைகளை அறிந்திருக்கிறார்களே என்று திருத்துகிறார். பல்லாண்டு ஆயர்ப்பணியில் அவர் கண்ட மனிதர் அத்திருத்தத்திற்குப் பின்னால் நிற்கின்றனர்.

ஆயினும் அதே மறுவாசிப்பில் வேறொரு குறிப்பும் உண்டு. 397 ஆம் ஆண்டையொட்டித் தாம் எழுதத் தொடங்கிய பாவ அறிக்கை நூலைப் பற்றிப் பேசும்போது, எழுதியபோது அது தம் உள்ளத்தைக் கடவுளிடம் எழுப்பியது போலவே, இப்போது வாசிக்கும்போதும் எழுப்புகிறது என்கிறார். இவ்வேறுபாடு நம் சிந்தனைக்குரியது. தாம் அறிந்ததாக எண்ணி எழுதியவற்றில் அவர் திருத்த வேண்டியவை பல இருந்தன. கடவுள் தமக்குச் செய்ததை அறிக்கையிட்ட நூலோ முதுமையிலும் அவரை அசைத்தது.

430 ஆம் ஆண்டு வண்டாலியர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த நாள்களில் அவர் நோயுற்றார். மனந்திரும்புதலைப் பற்றிய தாவீதின் சில சங்கீதங்களை எழுதுவித்துத் தம் படுக்கைக்கு எதிரேயுள்ள சுவரில் மாட்டச் செய்து, அவற்றை வாசித்துக் கண்ணீர் வடித்தார் என அவருடைய மாணாக்கர் பொசிதியுஸ் பதிவு செய்துள்ளார். அவ்வாண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் இயற்கை எய்தினார். இறுதி நேரத்தில் அச்சுவரில் இடம்பெற்றவை, இத்தனை நூல்களை எழுதிய அவரது சொற்கள் அல்ல; திருமறையின் சொற்களே.

3. பாஸ்கல்: ஆடைக்குள் தைத்த தாள்

தனக்குத் தானே எழுதிய மடல்களுள் மிகவும் புகழ்பெற்றது, எவரும் வாசிப்பதற்காக எழுதப்படாத ஒன்றாகும். 1623 இல் பிறந்த பிளேஸ் பாஸ்கல் பத்தொன்பது வயதிலேயே கணக்கிடும் இயந்திரமொன்றை வகுக்கத் தொடங்கியவர். 1654 இல் ஃபெர்மா என்னும் கணித மேதையுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து நிகழ்தகவுக் கணிதத்திற்கு அடிகோலியது. அறிவின் சிகரத்தில் நின்ற அதே ஆண்டில் அவருடைய உள்ளம் வறண்டிருந்தது.

அவ்வாண்டு நவம்பர் 23, திங்கட்கிழமை. இரவு ஏறத்தாழப் பத்தரை மணி முதல் நள்ளிரவு கடந்து அரை மணி வரை அவருக்கு ஓர் அனுபவம் நேர்ந்தது. அதனை உடனே ஒரு தாளில் எழுதினார். தீ என்னும் ஒற்றைச் சொல் அதன் நடுநாயகமாய் நிற்கிறது. தத்துவ ஞானியரின் கடவுளையன்று, ஆபிரகாம் ஈசாக்கு யாக்கோபு என்போரின் கடவுளைத் தாம் கண்டதாக எழுதுகிறார். உறுதி, மகிழ்ச்சி, சமாதானம் என்பவை தனிச் சொற்களாகச் சிதறிக் கிடக்கின்றன. தாம் அவரை விட்டு விலகியிருந்ததை ஒப்புக்கொண்டு, இனி என்றும் பிரியாதிருக்க மன்றாடுகிறார். கணித அறிஞருக்குரிய ஒழுங்குடன் முதலில் ஆண்டு, மாதம், நாள், மணி ஆகியவற்றைக் குறிக்கிறார். அதன்பின் வாக்கியங்களே குலைந்துவிடுகின்றன.

இத்தாளைப் பற்றி அவர் எவரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. 1662 ஆகஸ்டு 19 ஆம் நாள், முப்பத்தொன்பது வயதில் அவர் மறைந்தபின், பணியாள் ஒருவர் அவருடைய மேலங்கியின் உட்புறத்தில் தடித்திருந்த ஓரிடத்தைக் கண்டு தையலைப் பிரித்துப் பார்த்தார். அத்தாளும், அதனைத் திருத்தமாகப் படியெடுத்த ஒரு தோல் ஏடும் உள்ளே இருந்தன. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், ஆடை மாற்றும் போதெல்லாம் அவர் அதனைப் பிரித்தெடுத்துப் புதிய ஆடையில் தைத்து வந்திருக்கிறார். கடும் நோயிலும், சமயப் பூசல்களின் வெம்மையிலும், 1661 இல் தங்கை ஜாக்குலின் மறைந்த துயரிலும் அது அவர் மார்பருகே இருந்தது.

பாஸ்கல் உரோமன் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர். ஆயினும் கிருபையைப் பற்றி அகஸ்தீன் கற்பித்ததைப் பற்றிக்கொண்ட போர்ட் ராயல் குழுவினருடன் நெருங்கியவராதலின், சீர்திருத்தத் திருச்சபைகளின் மக்கள் அவரை அந்நியராக எண்ண வேண்டியதில்லை. அத்தாளில் அர்ப்பணத்தின் சொற்களும் உண்டு. ஆனால் அவை பின்னர் வருகின்றன. முதலில் நிற்பது, அந்த இரவில் கடவுள் வந்தார் என்னும் செய்தி. ஐயம் சூழும் நாளில் அவர் கைவைத்துத் தொட்டுணரக்கூடிய இடத்தில் அச்செய்தி இருந்தது.

4. எட்வர்ட்ஸ்: எழுபது தீர்மானங்கள்

அமெரிக்கக் குடியேற்றப் பகுதிகளின் தலைசிறந்த இறையியலரான ஜொனத்தன் எட்வர்ட்ஸ், 1722, 1723 ஆம் ஆண்டுகளில், இருபது வயது நிறையுமுன், தமக்கென எழுபது தீர்மானங்களை எழுதினார். வாரந்தோறும் அவற்றை வாசிக்க வேண்டுமென்று தலைப்பிலேயே தமக்கு நினைவூட்டிக்கொண்டார். அவற்றுள் 52 ஆவது தீர்மானம் நம் பொருளோடு நேரே தொடர்புடையது. மீண்டும் ஒருமுறை வாழக் கிடைத்தால் எவ்வாறு வாழ்வோம் என முதியோர் பேசுவதைத் தாம் அடிக்கடி கேட்பதாகவும், ஆகவே முதுமை எய்தினால் எவ்வாறு வாழ்ந்திருக்க விரும்புவோமோ அவ்வாறே இப்பொழுது வாழத் தீர்மானிப்பதாகவும் 1723 ஜூலை 8 ஆம் நாள் எழுதினார். பத்தொன்பது வயது இளைஞன் தன் முதுமையை முன்னே அமரவைத்து அதன் தீர்ப்பைக் கேட்கிறான்!

இத்தீர்மானங்களைப் பழிப்பது நேர்மையாகாது. கடவுளின் உதவியின்றித் தம்மால் ஒன்றும் இயலாது என்னும் முன்னுரையோடுதான் அவை தொடங்குகின்றன. ஆயினும் ஏறத்தாழ 1740 இல் தம் ஆன்மீக வரலாற்றை எழுதியபோது, அந்நாள்களைத் திரும்பிப் பார்த்து, தாம் அப்போது தம் சொந்த வலிமையை அளவுமீறிச் சார்ந்திருந்ததாகவும், அது பின்னர்த் தமக்குப் பெருந்தீங்காய் முடிந்ததாகவும் அவரே ஒப்புக்கொள்கிறார். முன்னுரையில் கிருபை இருந்தது. எழுபது பிரிவுகளிலும் திரும்பத் திரும்ப ஒலித்ததோ தீர்மானித்தேன் என்னும் சொல்.

தீர்மானங்கள் இன்னொரு வகையிலும் எல்லைக்குட்பட்டவை. நாம் கண்ட பாவத்திற்கு எதிராகவே நாம் தீர்மானம் செய்யமுடியும். காணாத பாவம் பட்டியலில் ஏறுவதில்லை. நேரத்தை வீணாக்காமை, உணவில் அடக்கம், பிறரைப் பழியாமை என நுணுகி எழுதிய அதே எட்வர்ட்ஸ், 1731 இல் நியூபோர்ட் துறைமுகத்தில் ஓர் ஆப்பிரிக்கச் சிறுமியை அடிமையாக விலைக்கு வாங்கினார். அதற்கான விற்பனைப் பத்திரம் எஞ்சியுள்ளது. வாரந்தோறும் வாசிக்கப்பட்ட தாளில் அதனைத் தடுக்க ஒரு வரியும் இல்லை. இவரைக் கல்லெறிவதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. சாதி வேற்றுமையைக் குறித்து நம் முன்னோரின் தீர்மானங்களிலும் நம்முடையவற்றிலும் எத்தகைய மௌனம் உண்டென்று எண்ணிப்பார்த்தால், நம் கையிலுள்ள கல் தானே நழுவும்.

1750 இல் நார்தாம்ப்டன் சபையாரால் விலக்கப்பட்ட எட்வர்ட்ஸ், 1758 மார்ச்சு 22 ஆம் நாள் அம்மைப் பாலேற்றத்தின் விளைவாக ஐம்பத்துநான்கு வயதில் மரித்தார். அவர் யாரை நோக்கி எழுதினாரோ அந்த முதியவர் பிறக்கவேயில்லை.

5. டாட்ரிட்ஜும் வெஸ்லியும்: உடன்படிக்கைத் தாள்

இங்கிலாந்திலும் நார்தாம்ப்டன் என ஓர் ஊர் உண்டு. அங்கு ஆயராகவும் இறையியல் ஆசிரியராகவும் விளங்கிய ஃபிலிப் டாட்ரிட்ஜ், ஆன்மாவில் சமயம் தோன்றி வளருதலைப் பற்றி 1745 இல் வெளியிட்ட நூலில், வாசகர் தம்மைக் கடவுளுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கையை எழுதிக் கையொப்பமிடுமாறு பரிந்துரைத்து, அதற்கு மாதிரியும் வகுத்தார். தாம் மண்ணோடு மண்ணான பின்னர் நண்பர் எவரேனும் இத்தாளைக் கண்டெடுத்தால், அவரும் இவ்வுடன்படிக்கையைத் தம்முடையதாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் வேண்டுதல் அம்மாதிரியில் உண்டு. தனக்கு எழுதிய மடல் இங்கே பிறருக்கும் உரியதாகிறது. டாட்ரிட்ஜ் 1751 இல் நாற்பத்தொன்பது வயதில் மறைந்தார். ஆனால் 1780களின் நடுவில் அவர் நூலை வாசித்து மனந்திரும்பியோருள் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்னும் இளம் பாராளுமன்ற உறுப்பினரும் ஒருவர்.

இப்பழக்கத்தைச் சபையின் பொது வழிபாடாக்கியவர் ஜான் வெஸ்லி. 1755 ஆகஸ்டு 11 ஆம் நாள் இலண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியிலிருந்த பிரெஞ்சு ஆலயத்தில் ஏறத்தாழ 1,800 பேர் கூடி உடன்படிக்கையைப் புதுப்பித்தனர். பின்னர் அது ஆண்டுத் தொடக்கத்தின் வழிபாடாக மெதடிஸ்டு மக்களிடையே நிலைத்தது; 1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் பொது ஆராதனை நூலிலும் இடம்பெற்றது. தனி அறையில் தனியாய்ச் செய்த வாக்குறுதி, இவ்வழிபாட்டில் சபையாரின் நடுவே, நற்கருணைப் பந்தியை நோக்கி, ஆண்டுதோறும் புதிதாய்ச் செய்யப்படுகிறது. சென்ற ஆண்டு தவறியவர் இவ்வாண்டும் வரலாம். தனியார் தாள் தராத மன்னிப்பைச் சபையின் வழிபாடு கையிலேந்தி நிற்கிறது.

6. நியூட்டன்: சுவரில் எழுதிய வசனம்

மேற்கண்டவை அனைத்தும் ஒருங்கே விளங்கும் வரலாறு ஜான் நியூட்டனுடையது. 1725 இல் பிறந்த அவர் ஏழு வயது நிறையுமுன் தாயை இழந்தார். கடற்படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வணிகன் ஒருவனிடம் தாமே அடிமைபோல் பசியில் வாடினார். 1748 மார்ச்சு 21 ஆம் நாள், தாயகம் திரும்பிய கப்பல் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கி உடையத் தொடங்கியபோது, பல்லாண்டுகளுக்குப் பின் கடவுளின் இரக்கத்தை நாடினார். அந்நாளை வாழ்நாள் முழுவதும் நோன்பாகவும் நன்றியாகவும் கடைப்பிடித்தார்.

மனந்திரும்பியும் அவர் அடிமை வணிகத்தை விடவில்லை என்பதை மறைத்தலாகாது. 1750 முதல் 1754 வரை மும்முறை கப்பல் தலைவராகச் சென்று மனிதரை விலங்கிட்டுக் கடல் கடத்தினார். தம் அறையில் ஜெபித்தார்; கீழ்த்தளத்தில் அடிமைகள் கிடந்தனர். அக்காலத்தில் தம் மனச்சாட்சி அதனைக் குறித்து உறுத்தவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். 1754 இல் அவரைக் கடலிலிருந்து நீக்கியது திடீரென வந்த நோயேயன்றி மனமாற்றம் அன்று.

1764 இல் ஓல்னி என்னும் சிற்றூரின் உதவி ஆயரானார். அங்குத் தம் படிப்பறையில், கணப்பு அடுப்பிற்கு மேலே, நாள்தோறும் தம் கண்ணில் படுமாறு இரண்டு வசனங்களை எழுதுவித்தார். ஒன்று, கடவுளின் பார்வையில் தாம் அருமையானவர் எனக் கூறும் ஏசாயா 43:4. மற்றொன்று, எகிப்தில் அடிமையாயிருந்ததையும் கடவுள் மீட்டதையும் நினைவுகூரச் சொல்லும் உபாகமம் 15:15. ஆப்பிரிக்கக் கரையில் தாம் பட்ட இழிவையும் பெற்ற மீட்பையும் மறவாதிருக்கவே அவர் அதனை எழுதினார். பிற்காலத்து நியூட்டனுக்கு எழுதிய மடல் அது.

அவ்வசனம் எங்கே வருகிறது என்பதைச் சற்று நோக்குவோம். ஆறாண்டு உழைத்த எபிரெய அடிமையை ஏழாம் ஆண்டில் வெறுங்கையாய் அனுப்பாமல் விடுதலை செய்ய வேண்டும் என்னும் கட்டளையின் காரணமாகவே அது வருகிறது. நீ அடிமையாயிருந்தாய், ஆகவே அடிமையை விடுவி என்பது அப்பகுதியின் முழுப் பொருள். நியூட்டன் சுவரில் எழுதியது பாதி. மறுபாதி அதற்கு முந்திய வசனங்களில் காத்திருந்தது. அவ்வசனந்தான் அவரை மாற்றியது என்று நாம் துணிந்து சொல்ல இயலாது. அவர் காலத்தில் எழுந்த எதிர்ப்புக் குரல்களும் நண்பர்களும் பங்கு பெற்றனர். 1785 டிசம்பரில் மனக் குழப்பத்துடன் தம்மை நாடி வந்த வில்பர்ஃபோர்ஸ் அரசியலைத் துறக்க வேண்டாமென அறிவுறுத்தியவர் நியூட்டனே. 1788 இல் அடிமை வணிகத்தைப் பற்றித் தம் சிறுநூலை வெளியிட்டு, தாம் அதில் ஈடுபட்டிருந்ததை வெட்கத்துடன் அறிக்கையிட்டார். காலங்கடந்த அறிக்கை என்பதையும் ஒப்புக்கொண்டார். அரசின் முன்னும் பாராளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சியம் அளித்தார். பல்லாண்டு சுவரிலிருந்து அவரை நோக்கிய வசனத்தின் மறுபாதியை, அறுபத்திரண்டு வயதில் நியூட்டன் தம் வாழ்வில் வாசித்தார் எனலாம்.

1805 மார்ச்சு 21. புயல் நாளின் ஐம்பத்தேழாம் ஆண்டு நிறைவு. பார்வை மங்கி, கை தளர்ந்திருந்த எழுபத்தொன்பது வயது முதியவர் தம் நாட்குறிப்பை எடுத்து, நன்றாக எழுத இயலாவிடினும் இந்நாளைத் தாழ்மையோடும் மன்றாட்டோடும் துதியோடும் கடைப்பிடிக்க முயல்வதாக எழுதினார். நினைவு மங்கியபோதும், தாம் பெரும்பாவி என்பதையும் கிறிஸ்து பெரும் மீட்பர் என்பதையும் மறக்கவில்லை என்று தம்மைக் காண வந்தவரிடம் கூறியதாகவும் அறிகிறோம். 1807 மார்ச்சு 25 ஆம் நாள் பிரித்தானியப் பேரரசில் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 21 ஆம் நாள் நியூட்டன் உயிர் நீத்தார்.

7. நமக்குரிய பாடம்

இவ்வரலாறுகளிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. தன் உறுதியை எழுதி வைத்தவன், பிற்காலத்தில் தனக்கெதிரான பத்திரத்தை வாசிக்கிறான். கடவுள் செய்ததை எழுதி வைத்தவன் நற்செய்தியை வாசிக்கிறான். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில், நமக்கு விரோதமாயிருந்த கையெழுத்து சிலுவையில் ஆணியடிக்கப்பட்டதாகப் பவுல் கூறுகிறார். தமிழில் கையெழுத்து என்பது எழுதிய எழுத்தையும் இட்ட ஒப்பத்தையும் ஒருங்கே குறிக்கும். நாமே எழுதி நாமே ஒப்பமிட்ட தீர்மானங்களும் அங்கு அறையப்பட்டவற்றுள் அடங்கும்.

ஆயினும், கிருபையின் நினைவு வெறும் ஆறுதலன்று. நியூட்டனின் சுவர் நமக்குக் கற்பிப்பது இதுவே: திருமறையின் சொல்லைத் தன் பிற்காலத்திற்கு விட்டுச்செல்பவன், தான் அறிந்ததைவிட மிகுதியானதை விட்டுச்செல்கிறான். எட்வர்ட்ஸின் எழுபது தீர்மானங்கள் அவர் கண்டதைத் தாண்டிச் செல்லவில்லை. நியூட்டனின் ஒரு வசனம் அவரைத் தாண்டி நின்று அவருக்காகக் காத்திருந்தது.

நம் சபைகளிலும் இதற்கான வழக்கங்கள் உள்ளன. குடும்பத் திருமறையின் முதல் தாளில் பிறப்பு, திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றை முன்னோர் வரிசையாக எழுதி வைத்தனர். புத்தாண்டு வழிபாட்டில் வாக்குத்தத்த வசன அட்டையைப் பெற்றுத் திருமறைக்குள் வைக்கிறோம். அவ்வட்டை, இவ்வாண்டு வேலையும் வீடும் உறுதியாய்க் கிட்டும் என்னும் குறிசொல்லாகச் சுருங்கிவிடலாகாது. டிசம்பர் மாதத்தில் ஏமாற்றத்துடன் அதனை எடுத்துப் பார்த்து, கடவுள் பொய்த்தாரோ என மருளும் எளிய விசுவாசிகளை ஆயர்கள் அறிவர். வசனத்தை அதன் அதிகாரத்தோடு வாசிக்கக் கற்பித்து, ஆண்டின் இறுதியில் அட்டையின் பின்புறம் நடந்ததை நாளிட்டு எழுதச் செய்தால், அதுவே ஒவ்வொருவருக்கும் எபெனேசராகும்.

தம் முதுமைக்கு மடல் எழுத விரும்பும் மாணவர்க்கும் இளைஞர்க்கும் சில சொல்லலாம். பாஸ்கலைப் போல நாளையும் வேளையையும் குறியுங்கள்; ஐயம் வரும்போது பொது உண்மைகளைவிட நடந்த நிகழ்ச்சியே கைகொடுக்கும். கடவுள் செய்ததை முதலிலும் உங்கள் ஒப்படைப்பை அதற்குப் பின்னும் எழுதுங்கள். திருமறைப் பகுதியொன்றை முழு அதிகாரமாய்ச் சேர்த்து வையுங்கள். இனி வருபவரைத் தீர்ப்பிடாதீர்கள். உங்களைவிட அவர் மனிதரை அதிகமாய் அறிந்திருப்பார். அகஸ்தீனைப் போல அவர் திருத்தி எழுதுவதற்குத் தாளில் இடம் விட்டு வையுங்கள். அந்த முதியவர் வராமலும் போகலாம். அப்போது, டாட்ரிட்ஜ் வேண்டியதுபோல், வேறொருவர் அதனைக் கண்டெடுக்கட்டும்.

குருமனையைக் காலி செய்த ஆயரிடம் திரும்புவோம். தாம் எழுதிய தீர்மானங்களை அவர் வாசித்துவிட்டார். பெரும்பாலானவற்றில் தவறியிருக்கிறார். அவர் அத்தாளைக் கிழிக்க வேண்டியதில்லை. கையொப்பத்தின் கீழே இன்னும் இடம் உண்டு. இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் எந்நாளில், எவ்வீட்டு வாசலில், எவருடைய படுக்கையருகில் கடவுள் தம்மைத் தாங்கினார் என்று அவர் அங்கே எழுதலாம். எவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்க வேண்டியுள்ளது என்பதையும் எழுதலாம். பின்னர் நாள் இட்டு, வண்டி புறப்படுமுன், அத்திருமறையைப் பெட்டியின் அடியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.